பட்டி பார்க்காத சுவர்

ஈசூனில் எங்கள் புளோக்குக்கு
வண்ணம் மாற்றும் ஆண்டு அது.
பீச் நிறம் என்று
நகர மன்றம் மின்தூக்கியில் ஒட்டியிருந்தது.
ஒன்பதாம் மாடி, என் சன்னலுக்கு வெளியே
தொங்கு மேடையில் நின்றபடி
உருளையை நிறுத்தாமல் ஒருவர் கேட்டார்:
"அக்கா, அந்தக் கம்ப்யூட்டர் டிஸ்க் எழுதுமா?"

"எரிக்கும்" என்றேன்.
மெனுவில் அப்படித்தான் இருக்கிறது.

உருளை நின்றது.
"புள்ளைக்குக் காது குத்துன வீடியோக்கா.
எரிக்கிறதுன்னு சொல்லாதீங்க."
விளக்கைக்கூட அணை என்று சொல்லாமல்
குளிர வை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான்.
எழுதும், எழுதும் என்றேன்.

ஞாயிறு வந்தார். பெயர் சேவுகன்.
இஸ்திரி போட்ட சட்டை, நகத்தோரத்தில் மட்டும் பீச்.
கையில் ஒரு தாள், பதினான்கு சுட்டிகள்.
மச்சினன் போனில் சொல்லச் சொல்ல
எழுத்தெழுத்தாகக் குறித்தது.
ஏழாவதில் இருப்பது பூஜ்யமா, ஓ-வா என்று
சிவகங்கைக்கே அழைத்துக் கேட்டோம்.
பதினோராம் துண்டு
தொண்ணூற்றெட்டு விழுக்காட்டில் செத்தது.
(நின்றுவிட்டது என்றுதான் அவரிடம் சொன்னேன்.)
மறுபடி இறக்கி, பதினான்கையும் ஒட்டி,
ஓடவிட்டால்
திரை முழுக்கக் கறுப்பு. சத்தம் மட்டும்.

"கோடெக் இல்ல, இருங்க" என்று எலியை எடுத்தேன்.
"இருக்கட்டும்க்கா. ஓடட்டும்."

நாற்காலி இழுபட்டது. யாரோ மைக்கை ஊதினார்கள்.
"அந்தச் செருமல் எங்க சின்ன மாமன்."
குக்கர் மூன்று முறை கத்தியது.
"வண்டிக்கு இன்னும் சைலன்சர் மாத்தல பாருங்க."
பிடி, தலையைப் பிடி என்று நாலைந்து குரல்.
பிறகு அந்த அழுகை.
"யாரு மடியில ஒக்காந்திருக்குன்னு பாருங்க" என்றார்.
கறுப்புத் திரையை நானும் பார்த்தேன்.

இரண்டு கோடெக் போட்டேன்.
ஒன்றோடு கூடவே ஏதோ விளையாட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.
படம் வந்தது, ஆனால் சத்தத்துக்கு முந்தி.
ஊசி இறங்கி, குழந்தை வாயைத் திறந்து,
இரண்டு விநாடி கழித்துத்தான்
அழுகை வந்து சேர்ந்தது.
"போன் கார்டுலயும் இப்படித்தான்" என்றார்.

அவர் குழந்தையைப் பார்க்கவில்லை.
பின்னால் சுவரைப் பார்த்தார்.
கிளிப்பச்சை.

"யாரு அடிச்சது?"
கேட்டது என்னை அல்ல.
"பட்டி பார்க்காம அடிச்சிருக்கான்.
சன்னலோரம் ஒழுகியிருக்கு, நிறுத்துங்க."
நிறுத்தினேன். பின்னால் போகச் சொன்னார். போனேன்.
மூன்று முறை அந்த ஒழுகலைப் பார்த்தோம்.
நான்காம் முறைதான்
கண் கீழே இறங்கி
மொட்டைத் தலையில் நின்றது.

சிம் லிம்மில் வாங்கிய ஐம்பது வட்டு அடுக்கு.
அட்டையில் பதினாறு வேகம் என்று போட்டிருந்தது,
நான் நான்கில் வைத்தேன்.
துவாஸ் விடுதியில் இருக்கும் பழைய பிளேயருக்கு
வேகமாய் எழுதினால் வாசிக்கத் தெரியாது.
முதல் வட்டு பாழ்.
நூல் கட்டிச் சமையலறைச் சன்னலில் தொங்கவிட்டேன், புறாவுக்கு.
இரண்டாவதை
கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வாசலில்.
"ஓடலையா?"
"ஓடுது. ரூம்ல பன்னெண்டு பேரும் பார்த்தாச்சு.
பன்னெண்டு பேரும் பெயிண்டருங்க.
அந்தச் சுவத்தைப் பத்தியே பேசுறானுங்க."
செருப்பைக் கழற்றாமல் நின்றார்.
"மொதல்ல படம் வராம ஒண்ணு ஓடுச்சே,
அதை ஒரு டிஸ்க்குல எழுதித் தாங்கக்கா."

படத்தைக் கழற்றி எடுத்துவிட்டு
சத்தத்தை மட்டும் எழுதினேன்.
தேநீர் ஆறுவதற்குள் வட்டு வெளியே வந்தது.
விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.
நடுத் துளையைச் சுற்றி
ஒரு மெட்டி அகலம் கறுத்திருந்தது,
மீதியெல்லாம் வெறும் பளபளப்பு.

"இம்புட்டுத்தானா?" என்று
விரல்விட்டு அளந்தார்,
இரண்டாவது கோட்டுக்கு
எத்தனை லிட்டர் வேண்டும் என்று பார்க்கிறவர் போல.